வீட்டுக்குத் தண்ணி அடிக்க முதல்

தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது மெசினால் சுவருக்கு அடிக்கிற தண்ணியைப் பற்றி.

மாசி பிறக்கும்போது எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்க்க வேண்டும். நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குச் செம்மண் தெறித்த சிவப்பு. வாடைக்காற்று மழையைக் கொண்டுவந்து அடிக்கிற வடக்கு, கிழக்குச் சுவர்களில் பச்சைப் பாசி. பீலி ஒழுகுகிற மூலையில் மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. முன்பு இதற்கு வாளியும் தும்புத்தடியும்தான். இரண்டு நாளில் நாரி முறிந்துவிடும். இப்போது கடையில் பிறெஷர் மெசின் வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். ஒரு பின்னேரத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பரந்தன் பக்கம் சித்தப்பாவின் வீடு யுத்தத்துக்கு முந்திய வீடு. மீள்குடியேறிய பிறகு, 2010இல், செல் துண்டு பட்ட இடங்களையெல்லாம் சீமெந்தால் பூசி, மேலே பெயின்ற் அடித்துவிட்டார்கள். பத்து வருசத்துக்கு மேல் போன பிறகு எது பழைய பூச்சு, எது ஒட்டுப் பூச்சு என்று யாருக்கும் தெரியாது. நான் வாகனம் கழுவுகிற இடத்திலிருந்து பெரிய மெசினை இரவல் வாங்கிக்கொண்டு போய், கிட்டப் பிடித்து அழுத்தினேன். பத்துச் செக்கன் இருக்காது. சாப்பாட்டுக் கோப்பை அளவு பூச்சு ஒன்று முழுசாகக் கழன்று காலடியில் விழுந்தது. உள்ளே 2009இன் ஓட்டை அப்படியே இருந்தது. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார்.

அன்றைக்கு நான் விட்ட பிழைகளைத்தான் இங்கே ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

முதலில் சுவரோடு கொஞ்ச நேரம்

மெசினை வெளியே எடுக்க முதல் வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். கையில் மாவு மாதிரி நிறம் ஒட்டினால் பெயின்ற் உயிரோடு இல்லை. தண்ணி பட்டதும் திட்டுத் திட்டாகப் போகும். சுண்ணாம்பு அடித்த சுவர் என்றால் கேட்கவே தேவையில்லை, முழுக்கக் கழுவுப்பட்டுவிடும். அப்புறம் விரல் மொழியால் தட்டிக்கொண்டே நடவுங்கள். நல்ல பூச்சு “டக், டக்” என்று இறுக்கமாகச் சொல்லும். கல்லை விட்டுக் கழன்று நிற்கிற பூச்சு பானையைத் தட்டின மாதிரிப் பொந்துச் சத்தம் போடும். அந்த இடத்தைச் சோக்கால் வட்டம் போடுங்கள். அங்கே மெசின் வேண்டாம், தும்புத்தடி போதும்.

இந்திய வீட்டுத்திட்ட வீடுகளில் இருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். யுத்தத்துக்குப் பிறகு இந்திய அரசு தந்த ஐந்தரை இலட்சம் ரூபாவைப் பகுதி பகுதியாக வாங்கி அவரவர் கட்டிமுடித்த வீடுகள் அவை. கடைசிக் காசு கைக்கு வந்த நேரத்தில் சீமெந்து விலை ஏறியிருந்தால் பூச்சில்தான் கை வைத்திருப்பார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பூசாத புளொக் கல் சுவர் இன்னொரு சாதி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கிற சாந்தைத் தண்ணி தோண்டி எடுத்துவிடும்.

வெடிப்புகள், யன்னல் நிலையைச் சுற்றின இடைவெளிகள், காற்றுக்கு விட்ட பூக்கல் இவற்றையும் பார்த்து வையுங்கள். தண்ணி உள்ளே போக அரை விரல் வழி போதும். தாழ்வாரத்தின் கீழே குளவிக் கூடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கையில் மெசினோடு நிற்கிறபோது குளவி கலைந்தால் ஓடவும் முடியாது, குழாயை விடவும் மனம் வராது.

எந்த மெசின்

வீட்டுச் சுவருக்கு 100 பாரிலிருந்து 130 பார் வரை அழுத்தம் தருகிற கறண்ட் மெசின் தாராளம். நூறு பார் என்றால் எவ்வளவு என்று கேட்டால், கார் ரயருக்கு அடிக்கிற காற்று ஏறக்குறைய இரண்டு பார். அதைப்போல ஐம்பது மடங்கு. வாகனம் கழுவுகிற இடங்களில் இருப்பவை இதைவிடப் பலமானவை. சேறு பிடித்த உழவு இயந்திரத்துக்குத்தான் அவை சரி. பெற்றோல் மெசின் எடுத்தால் விறாந்தைக்குள்ளோ கராஜுக்குள்ளோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆளை அப்படியே சாய்த்துவிடும்.

இன்னொன்று, வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்புகிற மெசின். சுவிஸ், ஜேர்மனி, லண்டனிலிருந்து வந்தால் பிளக்கை மாற்றினால் போதும், அங்கேயும் 230 வோல்ற்தான். கனடாவிலிருந்து வந்தது 120 வோல்ற் மெசின். அதை எங்கள் கறண்டில் நேரே சொருகினால் அதன் கதை அன்றோடு முடிந்தது. மெசினில் ஒட்டியிருக்கிற தகட்டை வாசித்துவிட்டுச் சொருகுங்கள்.

மெசினோடு நிறம் நிறமாக நாலைந்து நொசில் வரும். சிவப்பு ஊசி மாதிரி நேர்கோட்டில் அடிக்கும். அதை இப்போதே எடுத்து அலுமாரிக்குள் வையுங்கள், வீட்டுச் சுவருக்கு அதால் ஒரு வேலையும் இல்லை. மற்றவை விசிறி மாதிரி விரிந்து அடிக்கும்: மஞ்சள் 15 பாகைக்கு, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சவர்க்காரத் தண்ணிக்கு. சுவருக்கு வெள்ளையில் தொடங்குங்கள். பச்சையைச் சீமெந்து முற்றத்துக்கும் மதில் அடிக்கும் எடுக்கலாம். சில மெசின்களில் நொசிலுக்குப் பதிலாகத் திருகுகிற மூக்கு இருக்கும். அதை நன்றாக அகலமாகத் திருகி வைத்துக்கொள்ளுங்கள்.

கறண்டும் தண்ணியும்

பயப்பட வேண்டிய இடம் இது. 1800 வோற்ஸ் மெசின் ஒன்று எட்டு அம்பியர் அளவு இழுக்கும். பழைய ஐந்து அம்பியர் உருண்டைப் பின் பிளக்கில், அடப்ரர் போட்டு, மெல்லிய வயர் கோட் இழுத்து ஓட்டினால் சுவர் கழுவ முதல் வயர் உருகும். 13 அம்பியர் சதுரப் பின் பிளக்கிலிருந்து, ஏலுமென்றால் நேரேயே கறண்ட் எடுங்கள். கோட் இல்லாமல் முடியாது என்றால் தடித்த வயர் உள்ளதை எடுத்து, சுருளை முழுக்க விரித்துப் போடுங்கள். சுருண்டு கிடக்கிற வயர் சூடேறும். பிளக்கும் கோட்டும் சந்திக்கிற இடத்தை ஒரு கதிரையின் மேல் தூக்கி வையுங்கள். தண்ணி ஓடுகிற நிலத்தில் கிடக்கக் கூடாது.

அதற்கு முதல் ட்ரிப் சுவிச்சைச் சோதியுங்கள். அதில் “ரி” (T) எழுத்துப் போட்ட சின்னப் பொத்தான் ஒன்று இருக்கும். அமத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் எலெக்ரீசியனைக் கூப்பிட்டுச் சரிசெய்யும்வரை மெசின் வேலை வேண்டாம். வேலை நடக்கிறபோது ட்ரிப் அடித்தால் திருப்பித் திருப்பித் தூக்கிவிடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் உண்டு. “அது சும்மா விழும்” என்பார்கள். அது சும்மா விழுவதில்லை. எங்கேயோ கறண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம்.

வெளிச்சுவரில் இருக்கிற மீற்றர் பெட்டி, வெளி லைற், அழைப்பு மணி, பிளக் எல்லாவற்றையும் பொலித்தீனால் சுற்றி ரேப் ஒட்டுங்கள். வெளி லைற்றுக்குப் போகிற பிரேக்கரையும் விழுத்திவிடுங்கள். மூடினாலும் அந்த இடங்களைச் சுற்றி மூன்றடிக்கு மெசின் வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் சரி. தூணிலிருந்து வீட்டுக்கு வருகிற சேர்விஸ் வயர் எங்கே வந்து பொருந்துகிறது என்று அண்ணாந்து பாருங்கள். நீட்டுக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நடக்கிறபோது அதுதான் முதலில் மறந்துபோகும்.

கிணறா, தாங்கியா

இந்த மெசின் பெரிதாகத் தண்ணி குடிக்காது. நிமிசத்துக்கு ஆறு லீற்றர் என்று வைத்தால் ஆயிரம் லீற்றர் தாங்கி இரண்டே முக்கால் மணித்தியாலத்துக்குப் போதும். திறந்துவிட்ட ஹோஸ் அதைவிட இரண்டு மூன்று மடங்கு கொட்டும். ஆனாலும் ஆவணி, புரட்டாதியில் கிணறு அடியில் கிடக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அப்போது சோளகக் காற்று வேறு; ஈரச் சுவரில் கிறவல் புழுதி வந்து ஒட்டி, கழுவினதைவிட மோசமாகும். மாசி, பங்குனிதான் நல்ல காலம். கிணற்றில் தண்ணி நிற்கும், பாசியும் இன்னும் காய்ந்து இறுகியிருக்காது. முல்லைத்தீவுப் பக்கத்துக்காரர் வைகாசியில் வருகிற வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குச் சனம் வர முதல் முடித்துவிடலாம், பெயின்ற் அடிக்கவும் நாள் மிஞ்சும்.

கிணற்றிலிருந்து நேரே இழுத்தால் மண் வரும். மண் மெசினின் பம்பைத் தின்றுவிடும். தண்ணியைத் தாங்கியிலோ பெரிய பரலிலோ ஒரு இரவு அடைய விட்டு, மேல்தண்ணியை எடுங்கள். மெசினில் ஹோஸ் பூட்டுகிற வாயில் சின்ன வடி ஒன்று இருக்கும். அது இல்லாமல் ஓட்டாதீர்கள். தாங்கி உயரத்தில் இல்லாவிட்டால் வருகிற தண்ணிக்கு அழுத்தம் போதாமல் மெசின் விக்கும். பத்து மீற்றர் உயரத்துக்கு ஒரு பார் என்பதுதான் கணக்கு, எங்கள் தாங்கிகள் மூன்று நாலு மீற்றரில் நிற்பவை. வாளியிலிருந்து தானே உறிஞ்சுகிற மெசினா என்று வாங்குகிறபோதே கேளுங்கள்.

கழுவுகிற தண்ணி எங்கே ஓடும் என்பதையும் முதலே யோசியுங்கள். கட்டு உயராத கிணறு என்றால் அந்தப் பக்கம் ஒரு சின்ன மண்வரம்பு போட்டு, தண்ணியை வாழைப் பக்கம் திருப்பிவிடுங்கள். குளோரின் கலந்து கழுவுகிற நாளில் வாழைக்கும் விடவேண்டாம்.

அழுக்கைப் பிரித்தறியுங்கள்

எல்லாக் கறைக்கும் ஒரே மருந்து இல்லை. செம்மண் கறைக்குக் குளோரின் போட்டுப் பிரயோசனம் இல்லை. அது இரும்புச் சத்தின் நிறம், வெளுக்காது. சவர்க்காரத் தண்ணியால் நனைத்து, கால் மணித்தியாலம் ஊறவிட்டு, தும்புத்தடியால் ஒருதரம் தேய்த்தால் மெசினுக்கு வேலையே குறைவு. சுவரில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதே, அது உப்பு. தண்ணி அடிக்க அடிக்கச் சுவர் இன்னும் குடித்து, காய்கிறபோது இன்னும் உப்பை வெளியே தள்ளும். அதைக் காய்ந்த பிறஷால் தட்டிக் கூட்டி அள்ளுங்கள்.

பாசிக்கும் கறுப்புப் பூஞ்சணத்துக்கும்தான் குளோரின். கடையில் விற்கிற திரவம் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி. ரி.சி.எல். என்கிற குளோரின் தூள் என்றால் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி. கலக்கி, அடைய விட்டு, தெளிந்ததை மட்டும் எடுங்கள். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிணறு இறைத்துக் குளோரின் போட்டவர்களுக்கு அந்த மணம் நினைவிருக்கும். காற்றோட்டம் உள்ள இடத்தில் நின்று, கையுறை போட்டுக் கலக்குங்கள். கக்கூஸ் கழுவுகிற அசிற்றோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். அமோனியா சேர்ந்த கழுவு திரவங்களோடும் அப்படித்தான்.

இந்தக் கரைசலை மெசினுக்குள் ஊற்றவும் கூடாது, உள்ளே இருக்கிற றப்பரெல்லாம் போய்விடும். பிறஷாலோ கை ஸ்பிரேயராலோ பூசுங்கள். வயலுக்கு மருந்தடிக்கிற ராங்கி சும்மாதானே கிடக்கிறது என்று அதை எடுக்காதீர்கள். அதன் அடியில் என்ன மருந்து மிச்சம் கிடக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது. சுவரோரத்தில் செவ்வரத்தை, குறோட்டன் நின்றால் முதலில் நல்ல தண்ணியால் நனைத்துவிடுங்கள். முடிந்த பிறகும் ஒருமுறை கழுவிவிடுங்கள்.

பூசுவது கீழிருந்து மேலே. மேலிருந்து பூசினால் காய்ந்த சுவரில் வழிந்த கோடுகள் பிறகு போகாது. பத்துப் பதினைந்து நிமிசம் நிற்கட்டும், காய விடாதீர்கள். காலை ஏழு மணிக்கு நிழல் விழுகிற பக்கத்தில் தொடங்கினால் சரியாக வரும்.

இனி அடிக்கலாம்

உடுப்பு: முழங்காலுக்குக் கீழும் மூடுகிற காற்சட்டை, பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி. செருப்போடு நிற்காதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் பின் வளவுக்கு அனுப்பிவிடுங்கள்.

தொடங்கும் ஒழுங்கு முக்கியம். முதலில் தண்ணியைத் திறவுங்கள். கறண்ட் போடாமலே துவக்கு மாதிரி இருக்கிற பிடியை அமத்திக்கொண்டு நில்லுங்கள். காற்றுக் குமிழியெல்லாம் துப்பி முடித்து, தண்ணி ஒரு சீராக வரும். அதற்குப் பிறகுதான் சுவிச். தண்ணி இல்லாமல் ஒரு நிமிசம் ஓடினாலும் பம்புக்குக் கேடு.

இரண்டு கையாலும் பிடியுங்கள், அமத்தின உடனே பின்னுக்கு உதைக்கும். முதல் அடியை யாரும் பார்க்காத மூலையில், கக்கூஸ் பின்சுவரிலோ எங்கேயோ, நாலடி தூரத்தில் நின்று அடித்துப் பாருங்கள். அழுக்குப் போகிறதா? அதே தூரம் போதும். போகாவிட்டால் அரை அடி கிட்டப் போங்கள். பெயின்ற் அடித்த சுவருக்கு ஒன்றரை அடிக்குள் ஒருபோதும் போகாதீர்கள். அதற்கும் அசையாத பாசி என்றால் திரும்ப ஊறப்போடுங்கள். நான் சித்தப்பாவின் சுவரில் செய்த பிழை முழுவதும் இதுதான், ஊறவிடப் பொறுமை இல்லாமல் கிட்டப் போனேன்.

கழுவுவது மேலிருந்து கீழே. நேருக்கு நேர் குத்தாமல் கொஞ்சம் சரித்து, வெள்ளை அடிக்கிற பிறஷ் போகிற வேகத்தில் கையை நகர்த்திக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் கோடு விழும். கீழிருந்து மேல்நோக்கித் தாழ்வாரத்துக்குள் அடித்தால் தண்ணி ஓட்டுக்கு அடியால் முகட்டுக்குள் போகும். யன்னல் கண்ணாடி, நுளம்பு வலை, கதவு நிலை எல்லாம் கைத்துணி வேலை.

உயரத்துக்கு ஏணியில் ஏறி அடிக்காதீர்கள். உதைக்கிற பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஈர ஏணியில் நிற்பது எப்படி முடியும் என்று சொல்லத் தேவையில்லை. நீட்டுக் குழாய் பூட்டி நிலத்தில் நின்றே அடிக்கலாம். எட்டாத இடம் எட்டாமலே இருக்கட்டும்.

கூரைக்கு வருகிறேன். அஸ்பெஸ்ரோஸ் சீற் கூரைக்கு இந்த மெசின் கூடவே கூடாது. பாசி கறுப்பாகப் படிந்து பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் பழைய சீற்றின் மேல்தோலைத் தண்ணி சுரண்டினால் உள்ளே இருக்கிற நார் வெளியே வரும், காய்ந்தபின் காற்றில் பறக்கும், மூச்சோடு நெஞ்சுக்குள் போகும். நுரையீரல் புற்றுநோய்வரை கொண்டுபோகிற நார் அது. அந்தக் கூரைத் தண்ணியைச் சேர்த்துப் பாவிக்கிற வீடுகளும் உண்டு. சீற்றை அப்படியே விடுங்கள். ஓட்டுக் கூரையையும் விடுங்கள், ஓடு நகர்ந்தால் அடுத்த மாரிக்கு வீட்டுக்குள் வாளி வைக்க வேண்டிவரும்.

தோலில் பட்டால்

இதை வாசிக்காமல் தாண்டாதீர்கள். இந்தத் தண்ணி தோலைத் துளைக்கும். காயம் ஊசி குத்தின அளவுதான் தெரியும், இரத்தமும் பெரிதாக வராது, முதலில் நோவும் குறைவாக இருக்கலாம். உள்ளே தண்ணியும் அழுக்கும் தசைக்குள் பரவியிருக்கும். சில மணித்தியாலத்தில் வீங்கும். பிந்தினால் விரலையே இழக்க வேண்டிவரலாம். மஞ்சள் பூசி, துணி சுற்றி, நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். ஏற்பூசி மட்டும் போட்டுக்கொண்டு திரும்பி வரவும் வேண்டாம். நேரே பெரிய வைத்தியசாலைக்குப் போய், “பிறெஷர் மெசின் தண்ணி உள்ளுக்குப் போய்விட்டது, இத்தனை மணிக்குப் பட்டது” என்று அந்தச் சொற்களிலேயே டொக்ரரிடம் சொல்லுங்கள். நொசில் அடைத்தால் விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம்தான் பலரை அங்கே கொண்டுபோகும். கறண்டை நிற்பாட்டி, பிடியை அமத்தி உள்ளே இருக்கிற அழுத்தத்தை விட்ட பிறகுதான் நொசிலைக் கழற்ற வேண்டும்.

எலி ஓடித் திரிகிற கோடியில், வடிகால் ஓரத்தில் அடிக்கிறபோது தெறிக்கிற சேற்றுத் தண்ணியையும் லேசாக நினைக்காதீர்கள். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவினது மறந்திருக்காது. கால் கையில் வெட்டுக்காயம் இருந்தால் மூடிக்கொள்ளுங்கள், முகத்துக்கு மாஸ்க் போடுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். அடுத்த இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் இந்த வேலை செய்ததையும் டொக்ரருக்குச் சொல்ல வேண்டும்.

முடித்த பிறகு

சுவிச்சை நிற்பாட்டி, தண்ணியை மூடி, பிடியை அமத்தி மிச்சத் தண்ணியை வெளியே விடுங்கள். பிடியில் இருக்கிற பூட்டைப் போடுங்கள். வடியைக் கழற்றிக் கழுவுங்கள். என்னுடையதில் ஒவ்வொரு முறையும் ஒரு வேப்பமிலையாவது இருக்கும். வளவில் தண்ணி தேங்கின சிரட்டை, பூச்சாடித் தட்டு எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு நுளம்புக்கு அது போதும்.

பெயின்ற் அடிக்கிற எண்ணம் இருந்தால் நல்ல வெயிலில் மூன்று நாளாவது காய விடுங்கள். கழன்ற இடத்தில் புதுச் சீமெந்து பூசினால் நாலு கிழமை. சித்தப்பாவின் சுவரில் நான் பூசிக்கொடுத்த இடத்துக்கு அந்த நாலு கிழமை போய் இரண்டு வருசமாகிறது. பெயின்ற் அடிக்கவா என்று கேட்கிற நேரமெல்லாம், “அது கிடக்கட்டும், நீ மெசினைக் கொண்டுவராமல் வா” என்கிறார்.